இன்னும் பதினொரு பக்கம்

நாற்பத்தொன்று செத்து எட்டு மாதம் ஆகிவிட்டது என்று கடிதம் வந்தது.

நாற்பத்தொன்று என்பது ஒரு பறவை. பச்சைக்கால் உள்ளான். நீளக் கால், நீள மூக்கு, எந்நேரமும் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற நடை. வலது காலில் மஞ்சள் வளையமும் அதில் அந்த எண்ணும் இருக்கும். பறவைகளுக்கு வளையம் மாட்டி விடுகிற நிலையத்திலிருந்துதான் கடிதம். மே மாதமே அது தூரத்தில் ஒரு கடற்கரையில் மீன்வலையில் சிக்கிச் செத்துவிட்டது, வளையத்தைக் கழற்றி எங்களுக்கு அனுப்பியும் விட்டார்கள், அப்படியிருக்க டிசம்பர் ஒன்பதாம் தேதி உங்கள் குளத்தில் அது நின்றுகொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்களே, கொஞ்சம் விளக்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். இப்படி மரியாதையாகக் கேட்டு வருகிற கடிதங்களைக் கண்டால்தான் எங்கள் ஆபீசுக்குப் பயம்.

நான் அந்த இயற்கை அருங்காட்சியகத்தில் டிக்கெட் கொடுப்பவன். பத்தொன்பது வருஷமாகக் கொடுக்கிறேன், அதனால் எனக்குப் பெயரே டிக்கெட் என்று ஆகிவிட்டது. உள்ளே நாலு ஹால். ஒன்றில் பஞ்சடைத்த விலங்குகள், ஒன்றில் ஊசி குத்திய பூச்சிகள், ஒன்றில் முட்டைகளும் கூடுகளும், நாலாவதில் எலும்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து ஓநாயைப் பார்த்து ஊளையிட்டுவிட்டுப் போவார்கள். கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிற வளாகம்தான் பெரிது. ஒரு குளம், சுற்றிலும் நாணல், அதற்கப்பால் மரங்கள், கரையில் பலகை அடித்த ஒரு குடில். குடிலுக்கு ஜன்னல் கிடையாது. உட்கார்ந்தால் கண்மட்டத்தில் ஒரு சாண் உயரத்துக்கு நீளமாக ஒரு வெட்டு மட்டும் இருக்கும். அதன் வழியாகப் பார்த்தால் நாம் இருப்பது பறவைக்குத் தெரியாது. குளிர்காலத்தில் வந்து தங்கும் பறவைகளைத் தினமும் காலையில் அங்கிருந்து எண்ணிப் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதுகிறவர் அண்ணன்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. வளாகத்துக்குக் காவலாள், தோட்டக்காரர், பறவை எண்ணுகிறவர் எல்லாம் அவர்தான். எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து ஆபீஸ் வீடு. அவர் மனைவியை அண்ணி என்பேன். அண்ணிக்கு ஹால்களில் கண்ணாடிப் பெட்டி துடைக்கிற வேலை. "வெளியே உயிரோட இருக்கறதெல்லாம் உங்க அண்ணன் பொறுப்பு, உள்ளே செத்ததெல்லாம் என் பொறுப்பு" என்று முன்பெல்லாம் அவரே சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு நின்று ஒரு வருஷம் ஆகப்போகிறது.

அவர்களுக்கு ஒரே மகள். இருபத்திரண்டு வயதிலும் எங்களுக்கெல்லாம் அவள் பாப்பாதான். அண்ணனுக்குக் கண் கூர்மை, காது அதைவிடக் கூர்மை, கையெழுத்து மட்டும் கோழி கிளறிய மாதிரி. அவர் எழுதிய பழைய பதிவேடுகளைப் பார்த்து ஹெட் கிளார்க் தலையில் அடித்துக்கொள்வார். போன குளிர்காலத்தில் பாப்பா படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்தாள். நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன் என்று அப்பாவோடு குடிலுக்குப் போக ஆரம்பித்தாள். ஒரு மாதத்தில் அவளே எண்ணவும் தொடங்கிவிட்டாள். நாற்பத்தொன்றை முதலில் கண்டதும் அவள்தான். நிலையத்திலிருந்து நன்றி சொல்லிக் கடிதம் வந்தபோது ஆபீஸ் முழுக்க மிட்டாய் கொடுத்தாள்.

ஜனவரி இருபத்துமூன்று வரை அவள் கையெழுத்து இருக்கிறது. மறுநாள் காய்ச்சல் என்று படுத்தாள். நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். என்ன காய்ச்சல் என்று கடைசிவரை யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும், தெரியவில்லை. அண்ணன் பதினைந்து நாள் லீவு போட்டார். பிறகு வந்து புல் வெட்டினார், நாணலைக் கழித்தார், குளத்து மடையில் அடைத்த சருகை வாரினார். அண்ணி பெட்டி துடைத்தார். இரண்டு பேரும் அழுது நான் பார்க்கவில்லை.

அக்டோபரில் பறவைகள் மறுபடி வந்தன. அண்ணன் புதுப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு குடிலுக்குப் போனார். தினமும் எழுதினார். கையெழுத்துகூட நிதானமாக, படிக்கிற மாதிரி இருந்தது. ஹெட் கிளார்க் சந்தோஷப்பட்டார்.

கடிதம் வந்த திங்கட்கிழமை அந்தச் சந்தோஷம் போயிற்று. காதில் எந்நேரமும் பென்சில் செருகியிருப்பதால் ஹெட் கிளார்க்குக்கு எங்களிடையே பென்சில் என்று பெயர். நல்ல மனுஷர். அண்ணனைக் கூப்பிட்டு, ஒரு ஆள் கூட இருக்கட்டும் என்று என்னையும் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார்.

"அண்ணே, இந்த நாற்பத்தொண்ணை நீங்க பாத்தீங்களா?"

அண்ணன் கடிதத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"டிசம்பர் ஒன்பது. பாத்தீங்களா, இல்லையா?"

"எழுதியிருக்கேன்ல."

"எழுதியிருக்கீங்க, அதுதான் இப்ப தலைவலி. செத்த பறவை எப்படிண்ணே வந்து நிக்கும்?"

பென்சில் இரண்டு தாள்கட்டை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று இந்த வருஷப் பதிவேடு. மற்றது போன வருஷம் நிலையத்துக்கு அனுப்பியதன் நகல், பாப்பா எழுதியது.

"நவம்பர் பத்தொன்பது பாருங்க. ரெண்டுலயும் 'மழை, குடில் ஒழுகியது'ன்னு இருக்கு. இந்த நவம்பர் பத்தொன்பது சுள்ளுன்னு வெயில். பள்ளிக்கூடப் பசங்க முந்நூறு பேரு புல்வெளியில உக்காந்து சாப்பிட்டாங்க. டிக்கெட், நீதானே கிழிச்சுக் குடுத்தே?"

"ஆமா, கட்டைவிரல் வீங்கிப்போச்சு" என்றேன்.

"அப்ப மழை எங்கேருந்துண்ணே வந்துச்சு?"

அண்ணன் தாள்களைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். திருட்டு பிடிபட்ட முகமெல்லாம் இல்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர் முகம்.

"பாப்பா எழுதினதைப் பாத்து எழுதினேன்."

"எல்லா நாளுமா?"

"எல்லா நாளும். அந்தந்தத் தேதிக்கு அந்தந்தப் பக்கம்."

"குளத்துக்கே போகலையா?"

"போனேனே. தினமும் போனேன். உக்காந்துதான் இருந்தேன். கண்ணு பாக்குது தம்பி, எத்தனைன்னு உள்ள நிக்க மாட்டேங்குது. இருபதுன்னு நினைக்கறதுக்குள்ள இருபது போயிடுது. அவ எழுதினது இருந்துச்சு. அதைப் பாத்து எழுதினா கை ஓடிச்சு."

பென்சில் காதிலிருந்து பென்சிலை எடுத்தார், மறுபடி செருகினார். பிறகு ஒரு வழி சொன்னார். எழுத்துக்கு எழுத்து ஒன்றாயிருப்பது இந்த அறைக்கு வெளியே யாருக்கும் தெரியாது. டைரக்டர் மேடத்துக்குத் தெரிந்தது வளையச் சங்கதி மட்டும். அதனால் போன வருஷம் பாப்பா வளையத்து எண்ணைத் தப்பாகப் படித்துவிட்டாள் என்று சொல்லிவிடலாம். வேறு எண் போட்ட வேறு பறவை, அதேதான் இந்த வருஷமும் வந்தது, மகள் சொன்ன எண்ணை நம்பி அப்பாவும் எழுதிவிட்டார். அவ்வளவுதான். எண்ணைத் தப்பாகப் படிப்பவர்களின் குறிப்புகளை நிலையம் மொத்தமாக ஒதுக்கிவிடும். பாப்பாவின் பக்கங்களில் சிவப்புக் கோடு விழும். பிறகு எதையும் எதனோடும் ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் வேலை இருக்காது.

"நான் டைப் அடிச்சு வைக்கிறேன். வெள்ளிக்கிழமை மேடம் முன்னாடி ஒரு கையெழுத்து. வேலையும் போகாது, வீடும் போகாது."

"சரி" என்றார் அண்ணன்.

அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னது எனக்கு என்னவோபோல் இருந்தது. ஆனால் அந்த வருஷம் அவர் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சரி சொல்லிக்கொண்டிருந்தார். சோறு வைக்கட்டுமா, சரி. விளக்கை அணைக்கட்டுமா, சரி.

அன்று சாயங்காலம் அண்ணியிடம் விஷயத்தைச் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. அண்ணி அடுக்களையில் முறத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் வாசற்படிக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லி முடிக்கிறவரைக்கும் அண்ணியின் கை நிற்கவில்லை.

"வீடு இருக்குமா, இருக்காதா? அதை மட்டும் சொல்லு தம்பி."

"கையெழுத்துப் போட்டா இருக்கும் அண்ணி."

"அப்ப போடட்டும். ரிட்டையர் ஆக இன்னும் நாலு வருஷம் இருக்கு. இந்த வயசுல சட்டி பானையைத் தூக்கிக்கிட்டு எங்க போயி நிக்கறது?"

"பாப்பா தப்பா எழுதிட்டான்னு அதுல வரும்."

"வரட்டும். அவ என்ன, எந்திரிச்சு வந்து சண்டை போடப்போறாளா?"

பட்டாணி பாத்திரத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அண்ணி என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"எதைப் பாத்து எழுதினாருன்னு சொன்னே?"

"பாப்பா எழுதின பதிவேடு."

"அது ஆபீசுல இருக்குன்னாரே."

கை நின்றுவிட்டது. அண்ணன் எழுந்து தோட்டக் கொட்டகைக்குப் போனார். விதைப்பை ஒன்றில் சுற்றியிருந்த நீளமான பதிவேட்டைக் கொண்டுவந்து முறத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அண்ணி முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டு அட்டையைத் தொட்டார், திறக்கவில்லை.

"ஒரு வருஷமா இது கொட்டகையிலயா இருக்கு?"

"ம்."

"அவ துணியையெல்லாம் எடுத்துக் குடுத்துடுன்னு நீங்கதானே சொன்னீங்க? குடுத்தேன். செருப்பைக் குடுத்தேன். சீப்புல சிக்கியிருந்த முடியைக்கூட எடுத்துத் தூர எறிஞ்சேன், கண்ணுல பட்டா உங்களால தாங்க முடியாதுன்னு. நீங்க மட்டும் தினம் காலையில போயி அவகூட உக்காந்துட்டு வந்திருக்கீங்க."

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

"யாரு கேட்டா என் கஷ்டத்தை?"

அண்ணி கத்தவில்லை. மழை வருமா என்று விசாரிக்கிற குரலில்தான் கேட்டார். எனக்குத்தான் எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. வாசலை அடைத்துக்கொண்டு அண்ணன் நின்றதால் ஓட முடியவில்லை.

பிறகு அண்ணி பதிவேட்டைத் திறந்தார். எட்டாவது வரை படித்தவர், எழுத்துக்கூட்டாமல் படிப்பார். நடுவில் ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படித்தார்.

"'காலை ஆறு இருபது. பனி. நீலச்சிறகி வாத்து எண்பதுக்கு மேல் இருந்தன. எண்ணி முடிப்பதற்குள் அப்பா தும்மினார். அத்தனையும் பறந்துவிட்டன. இன்றைய எண்ணிக்கை அப்பாவால் பூஜ்யம்.'"

நான் சிரித்துவிட்டேன். அண்ணி சிரிக்கவில்லை.

"இதையும் பாத்து எழுதினீங்களா?"

"எழுதினேன்."

"அப்பா தும்மினார்னா?"

"ஆமா."

"யாரோட அப்பா?"

அண்ணன் முக்காலியில் போய் உட்கார்ந்தார். நான் பாதி உரித்த பட்டாணியை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் பதிவேடு அண்ணியிடம் இருந்தது. மத்தியான இடைவேளையில் முட்டைகள் ஹாலில் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஜன்னல் திட்டில் சாய்ந்து படித்துக்கொண்டிருந்தார். நான் போனால் நிமிர்ந்து பார்ப்பார், மறுபடி குனிவார். கையெழுத்தைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. போடச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. வியாழக்கிழமை கடைசிப் பக்கம்வரை வந்துவிட்டார் என்று நினைக்கிறேன். அன்று ஓநாய்ப் பெட்டியைத் துடைக்காமலே வீட்டுக்குப் போய்விட்டார். அண்ணி ஒரு பெட்டியை விட்டுவிட்டுப் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு டைரக்டர் மேடத்தின் அறை. மேடம் கண்டிப்பானவர், ஆனால் காது கொடுத்துக் கேட்பவர். பென்சில் டைப் அடித்த தாளை அண்ணன் முன்னால் வைத்துப் பேனாவையும் திறந்து கொடுத்தார். அண்ணி உள்ளே வரவில்லை. வெளியே பெஞ்சில் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவு திறந்தே இருந்தது.

அண்ணன் தாளைப் படித்தார். அவர் எதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. விரலை வரிமேல் வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தார். மேடம் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார்.

"இதுல ஒரு வார்த்தை இருக்கு" என்றார் அண்ணன். "'என் மகள் கவனக்குறைவாகப் பார்த்து எழுதியதால்'னு."

"ஆமா" என்றார் பென்சில்.

"கவனக்குறைவுங்கறதை மட்டும் எடுத்துட முடியுமா?"

"அதை எடுத்துட்டா வேற காரணமே இல்லையேண்ணே." பென்சிலின் குரல் தாழ்ந்தது. "அது சும்மா ஒரு ஆபீஸ் வார்த்தைண்ணே. போட்டுடுங்க."

அண்ணன் பேனாவை மூடினார். மூடி திருகு சரியாக விழவில்லை, திறந்து மறுபடி மூடினார்.

"மேடம், அந்தப் பொண்ணு கால்ல போட்டிருந்த செருப்பைக் கழட்டி வெளியில வச்சுட்டுத்தான் குடிலுக்குள்ள வருவா, பலகை சத்தம் கேக்கும்னு. நாற்பத்தொண்ணை நாலு நாள் பாத்தா. நாலாவது நாள்தான் எழுதினா. முத நாளே எழுதேம்மான்னேன், ஒண்ணா ஏழான்னு இன்னும் தெளிவா தெரியலப்பான்னா. அவ பாத்தது சரி. எல்லாமே சரி. நான்தான் பாக்கல. இந்த வருஷம் நான் எழுதினது ஒண்ணுகூட நான் பாத்ததில்ல."

பென்சில் கண்ணை மூடிக்கொண்டார்.

மேடம் பென்சிலிடமிருந்து இரண்டு தாள்கட்டையும் வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தும்மல் பக்கத்துக்கு வந்தபோது நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இதை நான் மறைக்க முடியாது. உங்களுக்குப் புரியுதா?"

"புரியுது மேடம்."

"நான் மேலிடத்துக்கு எழுதியே ஆகணும். எண்ணிக்கையைப் பொய்யா எழுதினவரை நான் வேலையில வச்சுக்க முடியாது. இன்னையிலேருந்து பதிவேட்டை நீங்க தொட வேண்டாம். மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணணும். நீங்க எழுதினது பூரா ரத்து. மகள் எழுதினது அப்படியே நிக்கும்."

"சரிங்க மேடம்."

இந்தச் சரி வேறு மாதிரி இருந்தது. அவர் போகத் திரும்பினார். கதவுவரை போய் நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு மேடம். இன்னும் பதினொரு பக்கம் இருக்கு."

"எதுல?"

"அவ எழுதினதுல. ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் படிப்பேன், முன்கூட்டிப் பாக்க மாட்டேன். இன்னைக்கு ஜனவரி பன்னிரண்டு. இருபத்துமூணு வரைக்கும் இருக்கு. அதுவரைக்கும் அந்தப் பதிவேட்டை என்கிட்ட குடுத்தா போதும். அப்புறம் நானே கொண்டுவந்து வச்சிடறேன்."

பதிவேடு ஆபீசை விட்டுப் போகக்கூடாது என்பது விதி. ஏற்கெனவே ஒரு வருஷம் போயிருந்தது என்பது வேறு விஷயம். மேடம் யோசித்தார். குடிலும் ஆபீசில் சேர்த்திதான் என்றார். வேலையில் இருக்கிற ஒருவர் கூட இருக்கும்போது அங்கே வைத்துப் படிக்கலாம் என்றார். அந்த ஒருவர் நான்தான். புது ஆள் வருகிறவரைக்கும் டிக்கெட் கவுண்டர் திறப்பதற்கு முன்னால் பறவை எண்ணுகிற வேலையும் என்னுடையது என்று அப்போதே எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்குக் காக்கையைத் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

வெளியே வந்ததும் அண்ணன் அண்ணி முன்னால் நின்றார். ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அண்ணியே முந்திக்கொண்டார்.

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நல்லது. அட்டைப்பெட்டி எங்க கிடைக்கும்னு பாக்கணும், பாத்திரத்தைப் போட."

மறுநாள் காலை ஆறு மணிக்கு வளாகத்துக் கம்பிக்கதவைத் திறக்கப் போனால் இரண்டு பேரும் வெளியே நின்றார்கள். பொதுமக்களுக்கு ஒன்பது மணிக்குத்தான் அனுமதி.

"டிக்கெட் வாங்கணுமா தம்பி?" என்று கேட்டார் அண்ணன்.

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே கேட்டார். "பேசாம வாங்கண்ணே" என்றேன், தேவையில்லாத கோபத்தோடு.

குடிலுக்குள் மண்ணெண்ணெய் பூசிய பலகை வாசனை. ஒரே பெஞ்சு. மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்தோம். தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தால் எனக்கு என் இமைமுடிதான் தெரிந்தது. குளத்தின்மேல் பனி அரை ஆள் உயரத்துக்கு நின்றது. அதற்குள் ஏதோ நீந்துகிற, சிறகடிக்கிற, மூக்கால் சேற்றைக் கிளறுகிற சத்தங்கள். அண்ணி மடியில் பதிவேட்டை விரித்தார். பாப்பாவின் பதின்மூன்றாம் தேதி. அதைத் தனக்காகத்தான் படித்தார், ஆனால் வாய்விட்டுப் படித்தார்.

"நீலச்சிறகி, அறுபத்திரண்டு."

"இருபத்தஞ்சு" என்றார் அண்ணன்.

அவர் என்னிடம் சொல்லவில்லை. வெட்டுக்கு வெளியே பார்த்தபடி தன்பாட்டில் சொன்னார். தொலைநோக்கி என் கையில்தான் இருந்தது.

அண்ணி அவரைப் பார்த்தார். அடுத்த வரியைக் கொஞ்சம் மெதுவாகப் படித்தார்.

"முக்குளிப்பான், ஒன்பது."

"நாலு. இல்ல, ஒண்ணு முங்கியிருக்கு. அஞ்சு."

"நாமக்கோழி, முப்பத்தேழு."

"நாற்பது."

நான் எழுதிக்கொண்டேன்.

அப்படியே பத்து நாள் போயிற்று. அண்ணி பழையதைப் படிப்பார், அண்ணன் இன்றையதைச் சொல்வார், நான் எழுதுவேன். சில நாள் பனி, சில நாள் தூறல். ஒரு நாள் கரையில் நரி வந்து தண்ணீர் குடித்துவிட்டு எங்களை நேராகப் பார்த்துவிட்டுப் போனது. அன்று பாப்பாவின் பக்கத்தில் நரி இல்லை, இரண்டு முயல்கள் இருந்தன. பெரும்பாலும் இன்றைய எண்ணிக்கை குறைவு. எங்கும் குறைகிறது என்று பேப்பரில் வருகிறதே, அதுவோ என்னவோ. குடிலை விட்டு வந்ததும் அவர்கள் பெட்டி கட்டுவார்கள். ஊரின் மறுகோடியில் ஓர் அறையும் அடுக்களையும் வாடகைக்குக் கிடைத்திருந்தது. நான் ஒன்பது மணிக்குக் கவுண்டரில் உட்கார்ந்து டிக்கெட் கிழிப்பேன். யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை. எனக்கு எதுவும் தோன்றவும் இல்லை, கை ஜில்லென்று இருந்தது தவிர.

ஆறாவது நாள் குறிப்பில் இப்படி இருந்தது: "'அம்மா டீ கொண்டுவந்தாள். தடதடவென்று நடந்து வந்தாள். சாம்பல் நாரை போய்விட்டது. அம்மாவை இனிமேல் குடிலுக்குள் சேர்க்கக்கூடாது.'"

அண்ணி இதை முன்பே படித்தவர்தான். படித்துவிட்டு, "சேர்க்கக்கூடாதாம்" என்றார்.

அண்ணன் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இன்னும் இடம் விட்டார். அதனால் நான் பெஞ்சிலிருந்து விழப் பார்த்தேன்.

பதினொன்றாவது நாள், இருபத்துமூன்றாம் தேதி, பனி இல்லை. தண்ணீர் அசையாமல் கிடந்தது. அண்ணி வழக்கம்போலப் படித்தார், அண்ணன் வழக்கம்போலச் சொன்னார். நீலச்சிறகி, நாமக்கோழி, வாலாட்டி, மீன்கொத்தி. எண்கள் எல்லாம் முடிந்தன. குறிப்பு என்ற இடத்துக்கு வந்ததும் அண்ணி நின்றார்.

"குறிப்பு இல்லையா?" என்றார் அண்ணன்.

"இருக்கு."

"படி."

அண்ணி படித்தார். "'தலை வலிக்கிறது. நாளைக்கு நான் வரவில்லை. அப்பாவே எண்ணிக்கொள்ளட்டும்.'"

அண்ணன் கையை நீட்டிப் பதிவேட்டை வாங்கி, அந்த வரியைத் தானும் படித்தார். பக்கத்தைத் திருப்பினார். வெறும் கோடு. அதற்கடுத்த பக்கமும் வெறும் கோடு. ஒவ்வொன்றாகக் கடைசிவரை திருப்பினார். பிறகு மூடி என்னிடம் கொடுத்தார்.

"ஆபீசுல வச்சிடு தம்பி" என்றார்.

அன்றோடு அவர்கள் வர வேண்டிய வேலை முடிந்தது. மறுநாள் காலை நான் தனியாகத்தான் போனேன். கம்பிக்கதவுக்கு வெளியே இரண்டு பேரும் நின்றார்கள்.

"இன்னைக்குப் படிக்க ஒண்ணும் இல்லையேண்ணே" என்றேன். முட்டாள்தனமான பேச்சு.

"எண்ணணும்" என்றார் அண்ணன்.

குடிலில் உட்கார்ந்தோம். அண்ணியின் மடி காலியாக இருந்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் என் கழுத்திலிருந்து தொலைநோக்கியை எடுத்துக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நீலச்சிறகி" என்றார். நிறுத்தினார். "எழுதிக்கோ தம்பி. நீலச்சிறகி, முப்பத்தொண்ணு."

எழுதினேன்.

"முக்குளிப்பான், ஆறு."

அவர் அழுதுகொண்டிருந்தார். குரல் உடையவில்லை. தண்ணீர் மட்டும் தொலைநோக்கிக்குக் கீழே தாடைவரை வந்து சட்டையில் சொட்டியது. துடைக்கக் கையை எடுத்தால் எண்ணிக்கை தப்பிவிடும் என்பதால் துடைக்கவில்லை. அண்ணி முந்தானையால் அவர் தாடையைத் துடைத்துவிட்டார். துடைத்த அதே முந்தானையைத் தன் வாயில் அழுத்திக்கொண்டு குனிந்தார். பாப்பா போனதற்கு அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். பெஞ்சு முழுக்க அதிர்ந்தது. என் எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

அண்ணன் கண்ணிலிருந்து தொலைநோக்கியை எடுக்கவில்லை.

"நாமக்கோழி" என்றார், "நாமக்கோழி, இரு, பதினெட்டு, பத்தொன்பது, நாணல் ஓரம் ஒண்ணு. இருபது."